மூன்றே கால் சுற்று

1

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் ஏகாம்பரம் போன மாதம் ஒரு கடிதம் போட்டிருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் கனடாவிலிருந்து அனுப்பிய போட்டோவைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறானாம். நானும் என் மனைவி எஸ்தரும் மகள் ஷீலாவும் ஒரு நீளமான வெள்ளை வண்டிக்கு முன்னால் நிற்கிற படம். அடியில் அவன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறான்: 'நம்ம தேவராஜின் நடமாடும் பங்களா.' பஞ்சர் ஒட்டக் காத்திருக்கிறவர்களுக்கு அதுதான் பொழுதுபோக்காம்.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி: "வண்டிக்குள்ள கொழாய் இருக்குதுன்னு எழுதினியே, மேல தொட்டி இல்லாம அதுல தண்ணி எப்பிடிடா வருது? சந்தவாசல்காரர் ஒருத்தரு வர்றப்பல்லாம் கேட்டுகினே இருக்காரு, பேஜாரா போச்சி. பள்ளிக்கூட மலருக்கு அதையே கட்டுரையா எழுதிடு. உண்மைய எழுது."

உண்மையை எழுதச் சொன்னது அவன் தப்பு. எழுதிவிடுகிறேன். அந்தப் போட்டோ எடுத்த அன்றைக்கு எங்களுக்கு அந்த வண்டியைத் தவிர வேறு வீடு கிடையாது.

2

நான் கனடாவுக்கு வந்து நாலாவது வருஷம், வேலை செய்த தொழிற்சாலையை மூடினார்கள். கார் சீட்டுக்குப் பஞ்சு திணிக்கிற இடம். எண்பத்திரண்டாம் வருஷம் அது. ஊரெல்லாம் ஒவ்வொரு தொழிற்சாலையாக மூடிக்கொண்டிருந்த சமயம். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. மிச்சமிருந்தது முந்தின வருஷம் பவிசுக்காக நான் வாங்கிப்போட்ட பழைய மோட்டார் ஹோம். வீடும் லாரியும் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை போல இருக்கும். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு குளியல் மூலை, நடுவில் ஒரு திரைச்சீலை.

அதை ஏரிக்கரையில் ஒரு முகாமில் கொண்டுபோய் நிறுத்தினோம். கோடைக்காலத்தில் இப்படிப்பட்ட வண்டிகள் வந்து தங்குவதற்கென்று இடம் ஒதுக்கி, ஒவ்வொரு இடத்துக்கும் மின்சாரமும் தரையிலிருந்து ஒரு தண்ணீர்க் குழாயும் கொடுத்திருப்பார்கள். எங்களுக்கு இருபத்தேழாம் எண். பக்கத்து இடங்களில் வந்தவர்கள் மீன் பிடித்தார்கள், பத்து நாளில் திரும்பிப் போனார்கள். நாங்கள் போகவில்லை. ஊருக்கு மட்டும் 'நீண்ட சுற்றுலாவில் இருக்கிறோம்' என்று எழுதினேன். பொய்யும் இல்லை. சக்கரம் இருந்தது, பெட்ரோல்தான் இல்லை.

வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவிக்கு மனுக் கொடுக்கப் போனேன். நம்மூரில் பாரம் நிரப்பிப் பழகிய கை. 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தைப் பார்த்ததும் யோசிக்காமல் ஆரணி வீட்டு விலாசத்தைக் கதவு எண்ணோடு எழுதிவிட்டேன். நிரந்தரம் என்றால் சொந்த ஊர்தானே? கவுன்டரில் இருந்த அம்மாள் படித்துவிட்டு, "நீங்கள் இந்தியாவில் வசிக்கிறீர்கள். எதற்கு இங்கே உதவி கேட்கிறீர்கள்?" என்றார். அதை அடித்துவிட்டு இருபத்தேழாம் எண் என்று எழுதினால், "அது வண்டி நிற்கிற இடம், முகவரி இல்லை" என்றார். அந்த ஒரு கட்டத்துக்காக ஐந்து முறை அலைந்தேன்.

முகாம் அக்டோபர் நடுவில் மூடிவிடும். குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் அதற்குமுன் எல்லாவற்றையும் அடைத்து, எல்லாரையும் அனுப்பிவிடுவார்கள். செப்டம்பர் கடைசி வாரம் வந்துவிட்டது. பனி விழுந்தால் அந்தத் தகர வண்டிக்குள் மனிதர் இருக்க முடியாது. எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. எஸ்தர் கேட்டால் மட்டும், "பாத்துக்கலாம்" என்பேன். அந்த ஒரு சொல்லை வைத்து நான் நாலு மாதம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

3

அந்தச் சமயத்தில்தான் முகாம் ஆபீஸ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பராமரிப்பு வேலைக்கு ஆள் தேவை. வருஷம் முழுக்க வேலை. வாசலை ஒட்டிய இரண்டறை வீடும் உண்டு. முன்பிருந்த ஆள் விலகிவிட்டானாம்.

ஓடிப்போய் மனு எழுதினேன். ஆரணி நகராட்சியில் நான் பார்த்தது வால்வு திறக்கிற வேலை. மனுவில் அது 'தண்ணீர் இன்ஜினியர்' என்று தானாகப் பதவி உயர்ந்துவிட்டது. கடல் தாண்டும்போது எல்லாருக்கும் நடப்பதுதான்.

முகாமின் மேனேஜர் ஹார்ப்பர் நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். அவர் எதிரே நின்று என் ஆரணி இங்கிலீஷில், "ஒன்பது வருஷம் நான் தண்ணீரில் இருந்தேன்" என்றேன். அவர், "எந்தக் கப்பல்?" என்று கேட்டார். தமிழில் சொல்லியிருந்தால் குடிகாரன் என்று நினைத்திருப்பார். அந்த மட்டும் தப்பித்தேன். ஒருவழியாக நகராட்சி, தெரு, குழாய் என்று விளக்கினேன்.

அவர் ஜன்னல் வழியாக வெளியே காட்டினார். "தினமும் காலையில் உன் மனைவி பொதுக் குளியலறையிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் சுமந்துகொண்டு போவதைப் பார்க்கிறேன். உன் இடத்தில்தான் குழாய் இருக்கிறதே. நீ தண்ணீர்க்காரன் என்றால் அவர் ஏன் சுமக்க வேண்டும்?"

எங்கள் வண்டிக் குழாயில் ஆரம்பத்திலிருந்தே தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். வண்டி வீடு என்றால் அப்படித்தான் என்று நான் வீட்டில் தீர்ப்பு சொல்லி வைத்திருந்தேன். தீர்ப்பை எதிர்த்து யாரும் அப்பீல் போகவில்லை. எஸ்தர் ஒரு பக்கெட் வாங்கிக்கொண்டாள்.

"முதலில் உன் குழாயைச் சரிசெய். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து பார்க்கிறேன்" என்றார் ஹார்ப்பர். அன்றைக்குப் புதன்கிழமை. இன்னும் இரண்டு பேர் மனுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவைத்தார்.

4

எழுபதுகளில் ஆரணியில் இருந்தவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். தெருமுனையில் இரும்பு மூடியைத் தூக்கி, ஆள் உயரச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகுகிறவன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், தெருவுக்கு ஒரு மணி நேரம். கலெக்டருக்குக்கூட அந்த மரியாதை கிடைத்திருக்காது. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள், அலசத் தண்ணீர் பத்தவில்லை என்றால் விடிகாலையில் காபி டம்ளரோடு வந்து நிற்பார்கள். "தேவராசு, இன்னிக்கி அரை சுத்து சேத்து உடுப்பா. நூலு கலர்ல கெடக்குது."

அரைச் சுற்று கொடுத்தால் அடுத்த தெருவில் குடம் காயும். அடுத்த தெருவில் என் அத்தை இருந்தார். மேட்டுத் தொட்டி சின்னது. எந்த வால்வையும் முழுசாகத் திறந்தால் கடைசித் தெருவுக்குக் காற்றுதான் போகும். அதனால் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கணக்கு. ஒரு தெருவுக்கு நாலு சுற்று, ஒரு தெருவுக்கு ஐந்தரை. சாயக்காரர்கள் இருக்கிற தெருவுக்கு மூன்றே கால். ஒன்பது வருஷத்தில் ஒரு வால்வைக்கூட நான் கடைசிவரை திறந்ததில்லை. திறக்கிறவன் பொறுப்பில்லாதவன் என்று நினைத்தேன்.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

5

புதன்கிழமை மத்தியானம் சமையல் குழாயில் ஆரம்பித்தேன். குழாய் வாயில் எஸ்தர் மல்லுத்துணி கட்டியிருந்தாள். ஊரில் வீட்டுக்கு வீடு கட்டுவதுதான். நாலு மாதத்தில் அதில் சுண்ணாம்பு பூத்து, துணி தகடு மாதிரி ஆகியிருந்தது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "இன்னா எஸ்தர், தண்ணிய கழுத்தப் புடிச்சி நெரிச்சிகினு இருந்தது நீதானா?" என்றேன்.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஊர்ல நீங்க உட்ட தண்ணில புழு வந்துதுங்க. அதனாலதான் கட்டப் பழகினோம்."

துணியை அவிழ்த்தேன். நூல் மாதிரி வந்தது கயிறு மாதிரி வந்தது, அவ்வளவுதான். குளியல் மூலையில் துணியே இல்லை, அங்கேயும் சொட்டுதான். வெந்நீர், தண்ணீர் இரண்டும் அப்படியே. எல்லாக் குழாயிலும் ஒரே குறை என்றால் குற்றவாளி குழாய் இல்லை, அதற்கு முன்னால் எங்கேயோ இருக்கிறான். இந்த அளவுக்குச் சரியாகத்தான் யோசித்தேன். அதற்குமேல் யோசித்ததுதான் வினை.

படுக்கைக்கு அடியில் ஒரு சின்ன பம்ப் இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதும், குழாய் இல்லாத இடத்தில் நிற்கும்போதும், வண்டிக்குள் இருக்கிற தொட்டியிலிருந்து தண்ணீரை இழுத்துக் குழாய்களுக்குத் தள்ளும். முகாமில் நேராகத் தரைக்குழாயிலிருந்து ரப்பர் ஹோஸில் தண்ணீர் வந்துவிடுவதால் அதற்கு வேலையே இல்லை. வேலையே இல்லாதவன் மேல்தான் முதலில் சந்தேகம் வரும். அந்த வருஷம் நானே அனுபவித்தது. பம்ப்பைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். ஒரு ஸ்குரூ மிச்சம். வெந்நீர்த் தொட்டியின் இணைப்பைத் தளர்த்தினேன், மெத்தை நனைந்தது. சுவர்ப் பலகையைப் பெயர்த்துக் குழாயைத் தட்டிப் பார்த்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் வண்டிக்குள் நிற்க இடமில்லை. எஸ்தர் படியில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சோறு பிசைந்தாள்.

ஷீலாவுக்கு அப்போது பதிமூன்று வயது. பள்ளி பஸ்ஸில், முகாம் வாசலிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளிப்போய் ஏறுவாள். எங்கிருந்து வருகிறாள் என்று தெரியக் கூடாதாம். நான் தமிழில் பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை இங்கிலீஷில் பதில் வரும். அன்றைக்கு மேல்படுக்கையில் படுத்து ஒரு சின்னப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வண்டியோடு வந்த கையேடு அது. அதுவரை கரண்டி டிராயருக்கு அடியில் விரித்திருந்தோம். தண்ணீர்க்காரனுக்குக் கையேடு எதற்கு?

"அப்பா, டாங்க் தண்ணி கூட ஸ்லோவா வருதா?" என்றாள்.

"டாங்குல ஏது தண்ணி? ரொப்பவே இல்லையே."

"இதுல ஃபர்ஸ்ட் கேள்வியே அதான். டாங்க் தண்ணி நல்லா வந்தா உள்ள எல்லாம் ஓகே. ப்ராப்ளம் வெளில. நீ அதை பாக்கலையா?"

பார்க்கவில்லை. இரண்டு நாளாக நான் செய்த வேலை, திருடன் வீட்டுக்குள் இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்று பார்க்காமல் அலமாரியை உடைத்தது.

மூன்று பேரும் பக்கெட்டும் குடமுமாகப் பொதுக் குளியலறையிலிருந்து சுமந்து தொட்டியை நிரப்பினோம். ஸ்விட்சைப் போட்டேன். ஒரு ஸ்குரூ குறைவான அந்தப் பம்ப் உறுமியது. குழாயைத் திருகினால் தண்ணீர் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் அறைந்து என் சட்டையை நனைத்தது. ஷீலா கை தட்டினாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பக்கத்து மரத்தில் முட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வெளியே வந்தேன். ஹோஸைக் கழற்றி ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தேன், அடைப்பில்லை. வண்டிக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில் ஒரு சின்ன சல்லடை; அதையும் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மாட்டினேன். மறுபடியும் கயிறு. இனி பாக்கி இருந்தது தரையிலிருந்து எழும்பி நிற்கிற குழாய் ஒன்றுதான். அதன் தலையில் சக்கரம் மாதிரி ஒரு கைப்பிடி.

கைப்பிடியில் கையை வைத்தேன். இடது பக்கம் திருகினேன். திரும்பியது. இன்னொரு சுற்று, அதுவும் திரும்பியது. இன்னும், இன்னும். எட்டுச் சுற்று திரும்பி நின்றது. ஹோஸ் புல்லில் துள்ளியது.

பிறகு முழுசாக மூடி, மறுபடி எண்ணித் திறந்து பார்த்தேன். மொத்தம் பதினொன்றே கால் சுற்று. ஜூன் மாதம் வந்து இறங்கின அன்றைக்கு நான் திறந்தது மூன்றே கால்.

யாரும் சொல்லவில்லை, நான் யோசிக்கவும் இல்லை. மேலே தொட்டி சின்னதாக இல்லை. கடைசித் தெருவில் அத்தை இல்லை. கை மட்டும் ஆரணியிலேயே நின்றுவிட்டது.

எஸ்தர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோதானா?" என்றாள். "நாலு மாசமா பக்கெட்டு தூக்கினேனேங்க."

6

மணி ஒன்பதரை. அவமானத்தைவிட எனக்குக் கணக்குதான் ஓடியது. குழாயைத் திறக்கத் தெரியாதவனுக்கு எவன் வேலை கொடுப்பான்? மிச்சமிருந்த ஸ்குரூவைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். பம்ப்பில் இது உடைந்திருந்தது, மாற்றினேன் என்று காட்டிவிடலாம். என் இங்கிலீஷை நம்பி இதில் இறங்க முடியாது. ஷீலா அன்றைக்குப் பள்ளிக்குப் போகாமல் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். அவளிடம் சொன்னேன்.

"நான் அதை சொல்ல மாட்டேன்" என்றாள்.

"வூடும்மா. வூடு போயிடும்."

ஹார்ப்பர் பத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். சமையல் குழாயைத் திறந்தார், குளியல் குழாயைத் திறந்தார், தலையாட்டினார். "என்ன கோளாறு?" என்று கேட்டார்.

ஸ்குரூவை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். ஷீலாவைப் பார்த்தேன். அவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் உச்சரிப்புக்காக, என் சட்டைக்காக, டிபன் டப்பாவிலிருந்து வருகிற வாசனைக்காக அவள் வெட்கப்பட்டு நிறையப் பார்த்திருக்கிறேன்; எனக்குப் பழகிவிட்டது. இது அது இல்லை. இந்த ஒன்றுக்கு அவள் வெட்கப்படுவது நியாயம் என்று எனக்கே தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

ஸ்குரூவைப் பைக்குள் போட்டேன். "சார், பைப் குட். மீ நாட் ஓப்பனிங்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கைப்பிடியைக் காட்டினேன். அவர் மண்டியிட்டு, குழாயின் அடியில் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். முகம் மாறியது. இந்த வகைக் குழாயைத் திறந்தால் முழுசாகத் திறக்க வேண்டுமாம். பாதியில் விட்டால், குளிர்காலத்தில் வடிவதற்காகப் பூமிக்குள் வைத்திருக்கும் ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்குமாம். நாலு மாதம் நான் மிச்சம் பிடித்த தண்ணீர் இருபத்தேழாம் எண் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"எத்தனை சுற்று திறந்திருந்தாய்?" என்றார்.

"மூன்றே கால்."

"அந்தக் கால் எப்படித் தெரியும்?"

இதற்கு என் இங்கிலீஷ் பத்தவில்லை. ஷீலாவிடம் தமிழில் சொன்னேன். தொட்டி, சாவி, சாயம், கடைசித் தெரு, காபி டம்ளர் எல்லாவற்றையும். அவள் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் என் பக்கம் திரும்பி, "நெஜமாவாப்பா? எல்லா தெருவும் நீதான் தெறப்பியா? எழுதி வெக்காமலேயா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் இதைச் சொன்னதே இல்லை. இன்ஜினியர் என்றல்லவா சொல்லி வைத்திருந்தேன்.

ஹார்ப்பர் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு ஷீலாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், அவள் எனக்குச் சொன்னாள். முகாமில் இப்படி அறுபது குழாய் இருக்கிறது. அக்டோபரில் ஒவ்வொன்றையும் மூடி, வடித்து, மறுபடி சரிபார்க்க வேண்டும். முன்பிருந்தவன் போன வருஷம் இரண்டு குழாயை மூட மறந்துவிட்டான். உறைந்து, பூமிக்குள் குழாய் வெடித்து, வசந்தத்தில் பாதையையே தோண்ட வேண்டியதாயிற்று. கேட்டபோது எல்லாம் மூடியாயிற்று என்றான். "எதை எவ்வளவு திறந்தோம் என்று நினைவு வைத்திருக்கிற ஆள்தான் எனக்கு வேண்டும்" என்றார். "ஆனால் இங்கே திறந்தால் முழுசாகத் திற."

குழாயோடு கழிவறை கழுவுவதும் குப்பை அள்ளுவதும் வேலையில் சேர்த்தி என்றார். மனுவில் இன்ஜினியர் என்று எழுதியவன் மூச்சு விடுவதற்குள் சம்மதித்தேன். இன்றைக்கும் அந்த வேலைதான் பார்க்கிறேன். ஏகாம்பரம், கண்ணாடிக்கு அடியில் இருக்கிற காகிதத்தை நீ மாற்றிக்கொள்ளலாம்.

7

அன்றைக்குச் சாயங்காலமே சாவி கொடுத்துவிட்டார். இருபத்தேழிலிருந்து வாசல் வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். பாத்திரம், துணி, பைபிள், ஷீலாவின் புத்தகங்கள் எல்லாம் மூன்று நடையில் வந்துவிட்டன. வீட்டில் பழைய புகை வாசனை. முன்னறையில் ஒரு மேஜை, ஒரு கால் ஆடியது. உள்ளறையில் இரும்புக் கட்டில்.

நான் அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டி, குடித்தனக்காரன் தோரணையில் பேசிக்கொண்டே இருந்தேன். எஸ்தர் எதையும் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. உள்ளறைக்குள் போனாள். கதவைப் பிடித்து ஒரு தரம் சாத்திப் பார்த்தாள், திறந்தாள். பிறகு உள்ளே போய்ச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. வாய்விட்டு, மூச்சு வாங்க, சாவு வீட்டில் அழுவது போல அழுதாள். ஷீலா பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். "அம்மா ஏன் அழறாங்க? வீடு கெடச்சிடுச்சே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நாலு மாதத்தில் அவள் ஒரு தரம்கூட அழுது நான் பார்க்கவில்லை. ரொம்ப தைரியசாலி என்று கண்ணமங்கலத்தில் இருக்கும் அவள் அண்ணனுக்கு எழுதிக்கூடப் போட்டேன். அந்த வண்டியில் இருந்தது ஒரு திரைச்சீலை. அதற்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் நான். வெளியே வந்தால் மீன் பிடிக்கிறவர்கள்.

நானும் ஷீலாவும் வாசல் படியில் உட்கார்ந்தோம். உள்ளே அழுகை நிற்கவில்லை.

"நான் போய் அம்மாவ பாக்கட்டா?" என்றாள் ஷீலா.

"வேணாம்மா. இப்பத்தான் அம்மாவுக்கு ஒரு கதவு கெடச்சிருக்குது" என்றேன்.